வருத்தம் வர முந்திப் போக வேண்டிய கிளினிக்

ஆஸ்பத்திரி என்றால் வருத்தம் வந்த பிறகு போகும் இடம் என்றுதான் திருகோணமலைத் திருக்கடலூரில் பலரும் நினைக்கிறோம். வருத்தம் இல்லாதவர்களுக்கென்றே அரசாங்கம் ஒரு கிளினிக் நடத்துகிறது. ஆரோக்கிய வாழ்க்கை நிலையம் என்று பெயர். 2011 இலிருந்து இலங்கையில் நடக்கிறது, ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. 35 வயது தாண்டியவர்கள் போகலாம். எங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தர் மிஸ் திரும்பத் திரும்பச் சொன்னதால்தான் நானும் என் கணவரும் போனோம்.

வெறும் வயிற்றில் போக வேண்டும். தேத்தண்ணியும் கூடாது, பச்சைத் தண்ணி குடிக்கலாம். உயரம், நிறை, இடுப்புச் சுற்றளவு, பிரஷர், அப்புறம் இரத்தத்தில் சீனியும் கொலஸ்ட்ரோலும். இவர் வெற்றிலை போடுபவர் என்பதால் டோர்ச் அடித்து வாயையும் பார்த்தார்கள். வாய்ப்புற்றுநோய் தொடக்கத்தில் நோகாதாம், வெள்ளைத் திட்டாகச் சும்மா கிடக்குமாம். மார்பகத்தை நானே எப்படித் தடவிப் பார்ப்பது என்று மிஸ் எனக்குத் தனி அறையில் காட்டித் தந்தார். அவசரப்படுத்தவே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த நிற அட்டை. வயது, பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல், புகைக்கிறாரா இல்லையா என்பதையெல்லாம் வைத்து, அடுத்த 10 வருடத்தில் மாரடைப்போ பாரிசவாதமோ வரும் வாய்ப்பு எவ்வளவு என்று அதில் பார்க்கிறார்கள். டொக்டர் ஒரு பெட்டியில் விரலை வைத்து, "ஐயா, இப்ப நீங்க இதில நிக்கிறீங்க. பீடியை விட்டா இந்தப் பெட்டிக்கு இறங்கலாம்" என்றார். நான் வருடக்கணக்காகச் சொல்லியும் காதில் போடாத மனிதர், அட்டையைத் திருப்பி வாங்கி இன்னொரு தரம் பார்த்தார். பயப்படுத்தாமல் கணக்குக் காட்டினால் எங்கள் ஆட்கள் கேட்பார்கள் என்று அன்று நம்பிக்கை வந்தது.

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டுமாம். கருவாடு தின்னும் வீட்டில் இது லேசான காரியம் இல்லை. சோற்றுக்கு உப்புப் போடுவதை முதலில் நிறுத்தினேன்.

ஒரு குறை இருக்கிறது. நாங்கள் போன இடத்தில் வார நாளில், காலையில் மட்டும்தான் பார்க்கிறார்கள். எங்கள் பக்கத்து ஆண்கள் கடலால் வந்து மீன் நிறுத்துக் கொடுக்கும் நேரம் அது. வாங்கில் இருந்தவர்களில் அநேகமாக எல்லோரும் பெண்கள். பீடியும் சாராயமும் பழகினவர்கள் வராமல் நாங்கள் மட்டும் வந்து என்ன செய்ய? மாதத்தில் ஒரு பின்னேரமாவது மீன் வாடிப் பக்கம் வந்து பார்த்தால் நல்லது. மேசை கதிரையை நாங்களே போட்டுத் தருவோம்.