‘128 வோல்ட்’ டிரில் வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

தீபாவளிக்குப் புதுத் திரைச்சீலை மாட்ட வேண்டும், சாமி படத்துக்குப் பலகை அடிக்க வேண்டும் என்று பலரும் டிரில் தேடும் நேரம் இது. அதனால்தான் எழுதுகிறேன்.

பட்டர்வொர்த் பக்கம் ஒரு கடையில் பேட்டரி டிரில் வாங்கினேன். இரண்டு பேட்டரி, ஒரு பெட்டி நிறைய பிட்டுகள், எல்லாம் சேர்த்து 160 வெள்ளி. பேட்டரியில் கொட்டை எழுத்தில் 128 வோல்ட். “காங்கிரீட்டெல்லாம் இதுக்குச் சும்மாண்ணே” என்று கடைக்காரத் தம்பி ஒரு வெள்ளைக் கல்லில் ஓட்டை போட்டும் காட்டினார். கண் மூடித் திறப்பதற்குள் பிட் உள்ளே போய்விட்டது.

வித்தையே அந்தக் கல்லில்தான். அது உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைந்த லைட்வெயிட் பிளாக். கை ரம்பத்தாலேயே அறுத்துவிடலாம். நம் அடுக்குமாடி வீடுகளில் திரைச்சீலைக் கம்பி மாட்டுவதோ சன்னலுக்கு மேலே. அங்கே பெரும்பாலும் மேல்சுவரைத் தாங்க இரும்புக் கம்பி வைத்து வார்த்த காங்கிரீட் விட்டம்தான் (லிண்டல்) இருக்கும். என் டிரில் சுவர்ப்பூச்சைத் தாண்டியதும் ஒரே இடத்தில் நின்று சுற்றியது. சுற்றும்போதே அடிக்கவும் செய்யும் ‘ஹேமர்’ நிலைக்குத் திருப்பினேன், சத்தம்தான் கூடியது. பிட்டின் முனை மழுங்கியது, கருகல் வாடை வந்தது, அப்புறம் மோட்டாரே நின்றுவிட்டது.

கைத்தொலைபேசி பழுதுபார்க்கும் நண்பர் பேட்டரியைப் பிரித்துப் பார்த்தார். பத்து செல் பிடிக்கும் கூட்டில் ஐந்துதான் இருந்தன. மீதி இடத்தில் எடை காட்டுவதற்காக சிமெண்டுக் கட்டி! (நீங்கள் வீட்டில் பிரித்துப் பார்க்காதீர்கள். லித்தியம் செல் ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும்.)

கணக்கு எளிதுதான். ஒரு லித்தியம் செல் 3.6 வோல்ட். ஐந்தைத் தொடராக இணைத்தால் 18. முழு சார்ஜில் ஒவ்வொன்றும் 4.2 வரை ஏறும் என்பதால் அதையே 20, 21 என்றும் போடுவார்கள். அது பரவாயில்லை. ஆனால் 128 வோல்ட் வேண்டுமென்றால் முப்பத்தாறு செல்லாவது வேண்டும். செல்களின் எடையே ஒன்றரைக் கிலோ வரும். ஒரு கையில் தூக்கும் டிரில்லில் அதை எங்கே வைப்பார்கள்? 88, 199 என்று ஒட்டியிருப்பதும் இதே கதைதான்.

சார்ஜரும் இரண்டு முள் பிளக். பாதுகாப்புச் சோதனையில் தேறியதைக் காட்டும் சிரிம் முத்திரையும் இல்லை.

பலகை, அலமாரி வேலைக்குப் பேர் தெரிந்த நிறுவனத்தின் 12 வோல்ட் டிரில்லே போதும். செங்கல் சுவருக்கு 18 வோல்ட் ஹேமர் டிரில், கார்பைடு என்ற கடினமான பொருளில் முனை வைத்த பிட். காங்கிரீட் என்றால் எஸ்டிஎஸ் (பிட்டைச் செருகிப் பூட்டும் முறை) ரோட்டரி ஹேமர்தான். சாதாரண ஹேமர் டிரில்லில் நாம் அழுத்த அழுத்தத்தான் அடி விழும். ரோட்டரி ஹேமரில் உள்ளே இருக்கும் பிஸ்டனே அடிக்கும். கட்டட வேலை எடுத்துச் செய்யும் பக்கத்து வீட்டு அண்ணன் அதைக் கொண்டுவந்துதான் என் வீட்டுக் கம்பியை மாட்டிக் கொடுத்தார்.

திருப்பிக் கொடுக்கப் போனால், “பேட்டரிக்கு வாரண்டி இல்லை, நீங்க அழுத்திப் பிடிச்சிருப்பீங்க” என்ற பதில். ரசீதைக் காட்டி, விற்ற பொருளை மாற்றித் தரமாட்டோம் என்று அதில் அச்சடித்திருக்கிறதாம். அச்சடித்துவிட்டால் ஆயிற்றா? மலேசியாவின் 1999 ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமையை ஒரு வரி அச்சு பறித்துவிட முடியாது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்குப் பதிய 5 வெள்ளிதான் கட்டணம். வழக்கறிஞர் வேண்டாம், வரவும் முடியாது. 50,000 வெள்ளி வரை கோரலாம். மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும்.

பதிவதற்குக் கடையின் பெயரும் முகவரியும் வேண்டும். என் ரசீதில் இருந்தது ஒரு ரப்பர் முத்திரை, அதுவும் பாதி அழிந்தது. கடையின் முன்பலகையில் பதிவு எண் இருந்ததால் தப்பித்தேன், படமெடுத்து மனுவோடு இணைத்திருக்கிறேன். விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை. பெட்டி, ரசீது, எரிந்த மோட்டார், சிமெண்டுக் கட்டி எல்லாவற்றையும் அப்படியே வைத்திருக்கிறேன்.