எம்ப்ரஸ் கேன்யன்: கயித்துல தொங்கிட்டு வந்தாச்சு

சிட்னில இருந்து ட்ரெயின்ல ரெண்டு மணி நேரம், ப்ளூ மவுண்டன்ஸ், வென்ட்வர்த் ஃபால்ஸ் பக்கத்துல இருக்கு இந்த எம்ப்ரஸ் கேன்யன், அதாவது ஓடை ஓடுற குறுகலான பாறைப் பள்ளத்தாக்கு, கயித்துல இறங்கி ஓடையோடயே போகணும். முதல் தடவை போறவங்களுக்கு இதான் சரின்னு சொன்னதால புக் பண்ணோம். காலைல சின்ன பாறைல இறங்கிப் பழகணும், மதியம் தான் ஓடை. ஜனவரி வெயில்லயும் தண்ணி ஐஸ் மாதிரி, வெட்சூட் (குளிர் தாங்க உடம்போட ஒட்டிப் போடுற ரப்பர் டிரஸ்) இல்லேன்னா செத்தோம். நடுவுல குதிக்கிற இடங்கள்ல பயமா இருந்தா குதிக்க வேணாம், வேற வழியா இறக்கி விடுறாங்க, யாரும் கிண்டல் பண்ணல.

கடைசில தான் 30 மீட்டர் அருவி. வலது கைல கயித்த இடுப்புக்குக் கீழ இறுக்கிப் புடிச்சா நிக்குது, தளர்த்துனா இறங்குது, அவ்ளோதான், ஆனா பாசி வழுக்கி முட்டிய பாறைல நல்லா இடிச்சுக்கிட்டேன், மேல கைடு கைல தனியா சேஃப்டி கயிறு இருந்ததால தான் உசுரு நின்னுச்சு! கீழ ஊர் சனமே நின்னு வேடிக்க பாக்குது.

குறைன்னா வாடகை ஷூ, அடி தேஞ்சு போனத குடுத்துட்டாங்க. அப்புறம் கார் பார்க்கிங் வரைக்கும் படி ஏறணும்னு ஒருத்தரும் முன்னாடியே சொல்லல, ஈர வெட்சூட்ட தூக்கிட்டு ஏறி தொடை ரெண்டு நாள் வலி. நாலு ஸ்டார்.