கல்யாணத்துக்குப் பிறகு வரி மென்பொருள்: இரண்டு கணக்கு ஒன்றாகாது

அமெரிக்காவில் ஜனவரி பிறந்ததும் புதுத் தம்பதிகள் தேடும் முதல் விஷயம், இரண்டு பேருடைய டர்போடாக்ஸ் (வரித் தாக்கல் மென்பொருள்) கணக்கையும் எப்படி இணைப்பது என்பது. அப்படி ஒரு பொத்தானே கிடையாது. எச் அண்ட் ஆர் பிளாக், ஃப்ரீடாக்ஸ்யூஎஸ்ஏ இரண்டிலும் இதே கதைதான். ஒருவருடைய கணக்கில் புது ஆண்டு ரிட்டர்னைத் தொடங்கி, திருமண நிலையை மாற்றி, மற்றவரைத் துணையாகச் சேர்க்க வேண்டும். மற்ற கணக்கை அப்படியே விட்டுவிடலாம், ஆனால் அழிக்கக் கூடாது. பழைய ரிட்டர்ன்கள் அதில்தான் இருக்கின்றன. முதல் வேலையாக அவற்றை ஒர்க்‌ஷீட்டுகளோடு பிடிஎஃப்பாக இறக்கி வையுங்கள்.

டிசம்பர் 31 அன்று இரவு தாலி ஏறியிருந்தாலும், அந்த ஆண்டு முழுக்கத் திருமணமானவர் என்றே ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வரித் துறை) கருதும். அதன்பிறகு 'சிங்கிள்' என்று தாக்கல் செய்ய வழியில்லை, சேர்ந்தோ தனித்தனியாகவோதான். 2025-க்கான நிலையான கழிவு (வரி போடுமுன் வருமானத்திலிருந்து கழியும் தொகை) சேர்ந்து போட்டால் 31,500 டாலர், தனித்தனியாகப் போட்டால் ஆளுக்கு 15,750. தனித்தனியாகப் போட்டுவிட்டுப் பிறகு 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவம் மூலம் சேர்ந்ததாக மாற்றிக்கொள்ளலாம். கெடு தேதி தாண்டிய பிறகு சேர்ந்ததைப் பிரிக்க முடியாது.

யாருடைய கணக்கில் தொடங்குவது? வீட்டில் கணக்கு வழக்கு பார்ப்பவருடையதில் என்று பலரும் முடிவெடுக்கிறார்கள். அது தவறான அளவுகோல். சென்ற ஆண்டிலிருந்து தொடர்ந்து வரும் எண்கள் யாரிடம் அதிகமோ, அவருடைய கணக்கில் தொடங்குவதே சரி. வாடகை வீட்டுத் தேய்மானம், பங்கு நஷ்டம், ஐ.ஆர்.ஏ. (ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு) அடக்கத் தொகை, அதாவது வரி கட்டிய பிறகு அதில் போட்ட பணம், எல்லாம் அந்தக் கணக்கிலிருந்து தானாக வந்துவிடும். மற்றவருடையதைக் கையால்தான் ஏற்ற வேண்டும். ஃப்ரீடாக்ஸ்யூஎஸ்ஏ வேறு மென்பொருளின் பிடிஎஃப்பையும் ஏற்கும் என்றாலும், அந்த வசதியும் ஒருவருடைய பழைய ரிட்டர்னைக் கொண்டுவரத்தான்.

கையால் ஏற்றும்போது தவறுவது மூன்று இடங்களில். ஒன்று, பங்கு நஷ்டம். ஷெட்யூல் டி என்ற பங்கு லாப நஷ்டப் படிவத்தின் கேரிஓவர் ஒர்க்‌ஷீட்டில் குறுகிய கால நஷ்டமும் நீண்ட கால நஷ்டமும் தனித்தனி எண்கள், அப்படியே தனித்தனியாகக் கூட்டிச் சேர்க்க வேண்டும். முன்பு ஆளுக்கு 3,000 டாலர் வரை கழித்தவர்களுக்கு இப்போது இருவருக்கும் சேர்த்தே 3,000தான். அது மென்பொருளின் பிழையல்ல, சட்டமே அப்படி. இரண்டு, ஐ.ஆர்.ஏ. அடக்கத் தொகைக்கான 8606 படிவம். இது ஆளுக்கு ஒன்று. துணையின் பழைய படிவத்தில் 14-ஆம் வரியில் உள்ள தொகையை ஏற்றாவிட்டால், ஏற்கெனவே வரி கட்டிய பணத்துக்கு மறுபடி வரி விழும், மென்பொருள் எச்சரிக்கவும் செய்யாது. மூன்று, எச்.எஸ்.ஏ. எனப்படும் மருத்துவச் சேமிப்புக் கணக்கு. இதற்கான 8889 படிவமும் ஆளுக்கு ஒன்று. குடும்பக் காப்பீட்டுக்கு 2025 உச்சவரம்பு இருவருக்கும் சேர்த்து 8,550 டாலர். ஒருவருடைய அலுவலகத்தில் பொதுவான மருத்துவ எஃப்.எஸ்.ஏ. (மருத்துவச் செலவுக்குச் சம்பளத்திலிருந்து ஒதுக்கும் கணக்கு) எடுத்திருந்தால், மற்றவர் எச்.எஸ்.ஏ.வில் பணம் போடும் தகுதியே போய்விடும். இதைக் கேட்கும் கேள்வியை அவசரத்தில் 'இல்லை' என்று தட்டிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

அலுவலகம் தரும் சம்பளச் சான்றான டபிள்யூ-2-வின் இறக்குமதிக்கு வருவோம். நேரம் மிச்சமாகும் இடமும் இதுதான், பெரிய தவறு நடக்கும் இடமும் இதுதான். இரண்டு டபிள்யூ-2-வும் ஒரே ஆளின் பெயரில் விழுந்துவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். இருவருக்கும் ஆளுக்கு 1,20,000 டாலர் சம்பளம் என்றால், சோஷியல் செக்யூரிட்டி வரியாக ஆளுக்கு 7,440, மொத்தம் 14,880 டாலர் பிடித்திருப்பார்கள். ஒரு ஆளுக்கு 2025-இல் உச்சவரம்பு 10,918.20. மென்பொருள் இருவரையும் ஒரே ஆளாக நினைத்து, 3,961.80 டாலர் அதிகம் பிடித்துவிட்டார்கள் என்று திரும்ப வரும் பணத்தில் சேர்த்துவிடும். திரையில் பச்சை எண் ஏறுவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டால், பின்னால் ஐ.ஆர்.எஸ். கடிதம் வரும். இப்படி அதிகம் பிடித்ததைக் காட்டும் ஷெட்யூல் 3-இன் 11-ஆம் வரியில் எதிர்பாராத தொகை இருந்தால் முதலில் ஒவ்வொரு டபிள்யூ-2-வும் யார் பெயரில் என்று பாருங்கள்.

மின்தாக்கல் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் காரணம் சென்ற ஆண்டின் ஏ.ஜி.ஐ., அதாவது ஆளை உறுதிப்படுத்த ஐ.ஆர்.எஸ். கேட்கும் சரிக்கட்டிய மொத்த வருமானம். கணக்குக்காரருடையதை மென்பொருள் தானே நிரப்பிவிடும், துணையின் கட்டம் காலியாக இருக்கும். அங்கே அதே எண்ணை நகல் எடுத்துப் போடுவதும் தவறு, இருவருடையதையும் கூட்டிப் போடுவதும் தவறு. சென்ற ஆண்டு தனியாகத் தாக்கல் செய்தவருக்கு, அவருடைய சொந்த 2024 படிவம் 1040-இன் 11-ஆம் வரிதான். தாக்கலே செய்யாதவருக்குப் பூஜ்யம். பிழைக் குறியீடு ஐ.என்.டி-031-04 என்றால் முதல் பெயருக்குரியவருடையது, ஐ.என்.டி-032-04 என்றால் துணையுடையது ஒத்துப்போகவில்லை என்று பொருள். ஐ.பி. பின் (அடையாளத் திருட்டைத் தடுக்க ஐ.ஆர்.எஸ். தரும் இரகசிய எண்) எடுத்து வைத்திருப்பவர்களுக்கு அந்த ஆறு இலக்கம் ஆண்டுதோறும் மாறும், அதையும் துணையிடம் கேட்டு வாங்க வேண்டும்.

நம்மவர்களுக்கு இன்னொரு தலைவலி, பெயர். சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும், பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது கணவர் பெயராக மாறியிருக்கும். ஐ.ஆர்.எஸ். ஒப்பிடுவது கடைசிப் பெயரின் முதல் நான்கு எழுத்துகளை, அதுவும் சோஷியல் செக்யூரிட்டி பதிவில் உள்ளபடி. அதனால் அட்டையில் இருப்பதையே போடுங்கள். மாற்ற விரும்பினால் முதலில் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்கு எஸ்.எஸ்.-5 படிவம், பிறகுதான் ரிட்டர்ன்.

ஊரிலிருந்து எச்-4 விசாவில் வந்த துணைக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லையென்றால், அந்த முதல் ஆண்டு மின்தாக்கலை மறந்துவிடலாம். துணையின் எண் கட்டத்தைக் காலியாக விட்டு அச்சிட்டு, ஐ.டி.ஐ.என். என்ற வரி அடையாள எண்ணுக்கான டபிள்யூ-7 படிவத்தோடு ஐ.ஆர்.எஸ்.-இன் ஆஸ்டின் அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். நோட்டரி கையெழுத்திட்ட பாஸ்போர்ட் நகல் செல்லாது. அசல் வேண்டும், அல்லது அதை வழங்கிய அலுவலகமே சான்றளித்த நகல். தாக்கல் பருவத்தில் ஐ.டி.ஐ.என். வர 9 முதல் 11 வாரம் ஆகலாம். ஆண்டு முடிவில் துணை இன்னும் வரிக் கணக்கில் வெளிநாட்டவராகவே இருந்தால், அவரையும் வரிக்கு அமெரிக்கவாசியாக நடத்தக் கேட்டு இருவரும் கையெழுத்திட்ட 6013(ஜி) தேர்வுக் கடிதமும் கூட வைக்க வேண்டும். அப்படிச் செய்தால் ஊரில் அவருக்குள்ள வைப்புநிதி வட்டியும் வருமானத்தில் சேரும். இந்திய மியூச்சுவல் ஃபண்டு இருந்தால் 8621 படிவம் வேண்டும், டர்போடாக்ஸில் அது இல்லை. அந்த நிலையில் மென்பொருளுக்குக் கொடுக்கும் காசை ஒரு நல்ல சி.பி.ஏ. கணக்காளருக்குக் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

இரண்டாம் ஆண்டு எல்லாம் சுலபம். இருவருடைய எண்களும் ஒரே கணக்கில் தானாகத் தொடரும், ஏ.ஜி.ஐ.-யும் இருவருக்கும் ஒன்றே. அந்த ஆண்டு அதிர்ச்சி தருவது மென்பொருளல்ல, சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்று அலுவலகத்துக்குச் சொல்லும் டபிள்யூ-4 படிவம். கல்யாணம் ஆன கையோடு இருவரும் 'சேர்ந்து தாக்கல்' என்று மட்டும் குறித்துக் கொடுத்தால், முழுக் கழிவும் தனக்கே என்று இரண்டு அலுவலகமும் எடுத்துக்கொண்டு வரியைக் குறைத்துப் பிடிக்கும். சம்பளம் கிட்டத்தட்டச் சமம் என்றால் இருவர் படிவத்திலும் 2(சி) பெட்டியை (இருவருக்கும் வேலை உண்டு என்று சொல்வது) குறியுங்கள். அதன் பிறகும் ஆளுக்கு 1,80,000 டாலர் வாங்குபவர்களுக்கு ஒரு பாக்கி இருக்கும். கூடுதல் மெடிகேர் (மூத்தோர் மருத்துவக் காப்பீடு) வரியை அலுவலகம் பிடிக்கத் தொடங்குவது ஒருவர் சம்பளம் 2,00,000-ஐத் தாண்டும்போது. ஆனால் தம்பதிக்கு வரம்பு 2,50,000. மீதி 1,10,000-க்கு 0.9 சதவீதம், அதாவது 990 டாலர், ஏப்ரலில் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்கும். வேண்டாமென்றால் டபிள்யூ-4-இன் 4(சி)-யில் மாதாமாதம் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கச் சொல்லலாம்.