மாற்றம் கண்ட பழைய ரீல்கள்: பென்னும் ஆபுவும் வைத்துப் புழங்கிய அனுபவம்

ஸ்க்ரூ மண்டையைப் பார்த்தாலே ஒரு பழைய மீன்பிடி ரீலின் பாதிக் கதை தெரிந்துவிடும். பள்ளம் மழுங்கியிருந்தால், யாரோ பொருந்தாத திருப்புளியோடு உள்ளே போய் வந்திருக்கிறார்கள். எல்லாம் தேய்ந்திருக்க ஒன்றிரண்டு மட்டும் பளபளத்தால் அந்த இடத்தில் கை வைத்திருக்கிறார்கள். என்னிடம் பல வருடமாகப் புழங்குபவை இரண்டு: நியூவெல் பாகங்கள் ஏற்றிய பென் கம்பெனியின் ஜிக்மாஸ்டர் 500, காந்தம் பதித்த ஆபு கம்பெனியின் அம்பாசடர் 6500சி. இரண்டும் எனக்கு முன்னால் வைத்திருந்தவர்களின் கைவண்ணம்.

மாற்றிய ரீலை கம்பெனியின் வரைபடத்தை மட்டும் நம்பி சர்வீஸ் செய்ய முடியாது. ஒரு பாகத்தை வலுவாக்கினால் சுமை பக்கத்துப் பாகத்தின் தலையில் போய் விழும். அது எந்தப் பாகம் என்று தேடிப் பிடிப்பதுதான் முக்கால்வாசி வேலை.

முதலில் ஜிக்மாஸ்டர். கம்பெனியிலிருந்து வந்தபடி இருந்தால், இரண்டு பக்கத் தட்டுகளையும் பிணைப்பவை குரோம் பூசிய பித்தளைத் தூண்கள். டிராக்கை, அதாவது மீன் இழுக்கும் நூலுக்குப் பிடி கொடுக்கும் பிரேக்கை, இறுக்கிப் பெரிய மீனோடு மல்லுக்கட்டும்போது அந்தக் கூடு லேசாக முறுகும், நூல் சுற்றிய ஸ்பூல் உரசும். அதற்கு மருந்தாகத்தான் கலிபோர்னியாவில் கார்ல் நியூவெல் அலுமினியப் பட்டைகளும் ஸ்பூல்களும் செய்து விற்றார். தூண் இருக்க வேண்டிய இடத்தில் அலுமினியப் பட்டை இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஸ்பூலை மாற்றியதற்கும் காரணம் உண்டு. நைலான் தங்கூசியை இழுவிசையோடு சுற்றினால் அது சுருங்க முயன்று பிளாஸ்டிக் ஸ்பூலின் விளிம்பைப் பிளந்துவிடும்.

கியர் மாறியிருக்கிறதா என்று பார்க்கப் பிரிக்கக்கூட வேண்டாம். ஸ்பூல் விளிம்பில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, கைப்பிடியை ஒரே ஒரு சுற்றுச் சுற்றி எண்ணுங்கள். 500-க்கு நாலு சுற்று வர வேண்டும். ஐந்து வந்தால் உள்ளே வேறு கியர். ஆனால் 505எச்எஸ் பிறப்பிலேயே 5:1 என்பதால், தட்டில் உள்ள எண்ணையும் பாருங்கள். தட்டையே மாற்றிப் போடும் ஆட்களும் உண்டு, அது வேறு தலைவலி. பாகம் தேடும்போது பென்னின் எண் முறை கைகொடுக்கும்: மெயின் கியர் 5, டிராக் வாஷர் 6, பினியன் (மெயின் கியரோடு கோத்து ஸ்பூலைச் சுழற்றும் சின்னக் கியர்) 13, கோட்டுக்குப் பின்னால் மாடல் எண். மாற்றிய ரீலில் வெளியே எழுதிய எண்ணுக்கு ஆர்டர் போடாதீர்கள். உள்ளே இருக்கும் கியரின் பல்லை எண்ணிவிட்டுப் போடுங்கள்.

அடுத்தது டிராக். பழைய ஃபைபர் வாஷர் இருந்த இடத்தில் இதில் பென்னின் எச்டி-100 கார்பன் வாஷர் அடுக்கு. கார்பனை கிரீஸ் இல்லாமல் உலர்வாகவும் ஓட்டலாம், ஆனால் டெஃப்லான் கலந்த டிராக் கிரீஸை மெல்லப் பூசித் துடைத்தால் மீன் ஓடத் தொடங்கும்போது வரும் அந்த முதல் வெட்டு இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். பூசாதே என்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை, என் ரீலில் பூசுகிறேன். மிகப் பழைய ரீல்களின் வாஷர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. அவற்றை உப்புத்தாள் கொண்டு தேய்க்காமல் ஈரத்தோடு எடுத்துக் கழித்துவிடுவது நல்லது.

கார்பன் தரும் கூடுதல் பிடிக்கு விலை இருக்கிறது. கைப்பிடி பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் சின்ன 'டாக்'கும் அதைத் தாங்கும் பாலத்தின் ஸ்க்ரூக்களும் பழைய டிராக்கை மனதில் வைத்துச் செய்தவை. ஆகவே ஒவ்வொரு சர்வீஸிலும் டாக்கின் முனை வட்டமாகிவிட்டதா என்று லென்ஸ் வைத்துப் பார்க்கிறேன். அது வழுக்கினால் கைப்பிடி விரல் முட்டியைப் பதம் பார்க்கும். மாற்று டாக் சின்னச் செலவு, யோசிக்கவே வேண்டாம்.

கடல் தண்ணீரில் இன்னொரு வம்பு. பித்தளையில் பச்சைக் களிம்பு பிடித்தால் துடைத்துவிடலாம். அலுமினியப் பட்டைக்குள் துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூ உட்கார்ந்தால், உப்பு ஈரத்தில் அலுமினியம் தன்னையே கரைத்துக்கொண்டு வெள்ளைப் பொடியாகும், ஸ்க்ரூ ஜென்மத்துக்கும் நகராது. வினிகரை ஊறவிட்டு, மிதமான சூடு காட்டி, பொறுமையாகத்தான் திருக வேண்டும். திரும்பப் போடும்போது ஒவ்வொரு மரையிலும் கிரீஸ். பேக்லைட் தட்டு என்பதால் இறுக்கமும் அளவோடு, கொஞ்சம் மிஞ்சினாலும் ஓட்டையிலிருந்து மயிரிழை விரிசல் ஓடும்.

6500சி-யின் கதை வேறு. ரீல் பாதத்தின் அடியில் உள்ள எண்ணில் முதல் இரண்டு இலக்கம் வருடம், அடுத்த இரண்டு மாதம். 780300 என்றால் 1978 மார்ச். 1970-களின் நடுப்பகுதிக்குப் பின் வந்தவற்றில் இது நம்பகமான வழி. ஆனால் அந்த எண் சொல்வது ஃப்ரேமின் வயதை மட்டும்தான். தட்டும் கியரும் எந்த வருடத்தவை என்று அதற்குத் தெரியாது. நூலைச் சீராகப் பரப்பிச் சுற்றும் லெவல் வைண்ட் இல்லாவிட்டாலும் உடனே 'மாற்றியது' என்று சொல்லிவிட வேண்டாம், சிடி மாடல்களை ஆபுவே அப்படி வெளியிட்டது.

காந்தம் இருக்கிறதா என்று பார்க்க இடது தட்டின் வெளிப்புறம் ஒரு தையல் ஊசியை நூலில் தொங்கவிடுங்கள், திரும்பினால் இருக்கிறது. அலுமினிய ஸ்பூல் காந்தத்தின் முன் சுழலும்போது உள்ளே உண்டாகும் சுழல் மின்னோட்டம் வேகத்துக்கேற்ப ஸ்பூலை அடக்கும். ஸ்பூல் சுழலச் சுழல வெளியே தள்ளப்பட்டு உரசும் மைய விலக்குக் கட்டைகளின் பிடியோ வேகத்தின் வர்க்கமாக ஏறும். இரண்டும் சேர்ந்தே இருந்தால் வீச்சு சுருங்கும். என்னுடையதில் கட்டைகளைக் கழற்றி வைத்துவிட்டேன்.

காந்தத்தை ஒட்டிய பசைதான் இதன் பலவீனம். தட்டை அசிட்டோனில் போட்டால் பசை இளகும், கழுவ சோப்புத் தண்ணீரே போதும். நியோடிமியத்தின் நிக்கல் பூச்சு உரிந்தால் அது துருப்பிடித்து உப்பி ஸ்பூலைத் தொடும். சுழலும்போது மெல்லிய சரசரப்பு கேட்டால் முதல் சந்தேகம் அதன் மேல்தான். ஸ்பூல் பேரிங் 3x10x4 மி.மீ. அளவு, எளிதில் கிடைக்கும். செராமிக் பேரிங் போட்டிருந்தால் துரு வராது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பெரும்பாலானவற்றில் உருண்டைகள்தான் செராமிக், வளையம் எஃகுதான். நன்னீரில் கழுவி, உலர்த்தி, ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட வேண்டும்.

ஜிக்மாஸ்டரில் செய்த மாற்றம் எதையும் நான் திருப்பமாட்டேன். ஆபுவில் காந்தங்களை எடுத்துவிட்டுக் கட்டைகளையே திரும்பப் போடலாமா என்று யோசனை, அடுத்த சர்வீஸில் இரண்டையும் ஒரே எடையில் வீசிப் பார்த்துத்தான் முடிவு.