கண் பறக்கிறது, வயிறு மறுக்கிறது

ஸ்டான்லி வெயின்பாம் 1935-இல் எழுதிய அறிவியல் சிறுகதை ஒன்றில் ஒரு மாயக்கண்ணாடி வரும். அணிந்தவர் கதைக்குள்ளேயே போய்விடுவார்; காட்சியும் ஒலியும் மட்டுமல்ல, சுவை, மணம், தொடுகைகூட உண்டு. இரண்டு மாதங்களாக நான் பயன்படுத்தும், கணினிக் காட்சியைக் கண்முன் விரிக்கும் மெய்நிகர் (விஆர்) கண்ணாடியில் முதல் இரண்டுதான் உருப்படி. மணம் வேண்டுமென்றால் முகத்தில் அழுந்தும் பஞ்சில் ஊறிய வியர்வை இருக்கிறது.

படத்தைக் குறை சொல்ல மாட்டேன். தலையைத் திருப்பினால் காட்சியும் பிசகாமல் திரும்புகிறது. 1968-இல் கணினி வரைகலை முன்னோடி ஐவன் சதர்லேண்ட் உருவாக்கிய, தலையில் அணியும் கருவியைக் கூரையிலிருந்துதான் தொங்கவிட வேண்டியிருந்தது. தெரிந்தவையும் வெறும் கோட்டுருவங்கள். இதுவோ ஒரு கையில் அடங்குகிறது.

சிக்கல், விண்கலம் ஓட்டும் விளையாட்டில் தொடங்கியது. பத்தாவது நிமிடத்தில் குமட்டல். பறக்கிறோம் என்கிறது கண். நாற்காலியில்தான் இருக்கிறோம் என்கிறது உட்காது. இந்தச் சண்டையில் அடிபடுவது வயிறு. முதல் வாரம் கண்மணிகளின் இடைவெளிக்கு ஏற்பக் கண்ணாடிவில்லைகளைச் சரிசெய்யாமல் விட்டது என் தவறு. சரிசெய்தபின் தலைவலி போனது, குமட்டல் போகவில்லை.

இன்னொன்று: கலத்தின் கருவிப்பலகையை மூக்கருகே குனிந்து பார்த்தால் எழுத்து மங்குகிறது. கண்கள் உள்நோக்கித் திரும்புகின்றன; வில்லையின் குவியமோ தள்ளியே நிற்கிறது. படத்தின் துல்லியத்தை எவ்வளவு கூட்டினாலும் இது தீராது.

மின்கலம் இரண்டு மணி நேரம் தாங்குகிறது. என் வயிறு அதுவரை தாங்குவதில்லை. இப்போதெல்லாம் உட்கார்ந்து சதுரங்கம் ஆட மட்டும் எடுக்கிறேன்.