84 கிலோ மார்சியானோவும் 124 கிலோ ஃப்யூரியும்

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஈரோட்டில் ஒரு குத்துச்சண்டைப் போட்டிக்குப் பெயர் கொடுக்க வேண்டியிருந்தது. காங்கேயத்தில் எங்கள் கொப்பரைக் களத்தில் மூட்டை நிறுக்கும் தராசில் ஏறிப் பார்த்தேன். 84 கிலோ. மூன்று கிலோ இறக்கினால் 81 கிலோ பிரிவில் ஆடலாம். இல்லையென்றால் 91 கிலோ பிரிவு. கோச் இறக்கச் சொன்னார், நான் கேட்கவில்லை. ராத்திரிச் சோற்றை விட மனசில்லை என்பது ஒரு காரணம். வெளியே சொல்லாத காரணம் இன்னொன்று: ராக்கி மார்சியானோவும் 84 கிலோதான். 49 சண்டை, 49 வெற்றி, அதில் 43 நாக்-அவுட். 1950களில் உலக ஹெவிவெயிட் (எடைக்கு மேல்வரம்பு இல்லாத பிரிவு) பட்டத்தை வைத்துக்கொண்டே ஓய்வு பெற்றவர். அவருக்குப் போதுமான எடை எனக்குப் போதாதா என்ன?

அந்தக் காலத்துச் சின்ன ஆட்கள் இன்றைய மலைகளை வீழ்த்துவார்களா என்று யார் பேச்செடுத்தாலும் எனக்கு அந்தத் தராசுதான் ஞாபகம் வரும். அன்று நான் சின்ன ஆள் கட்சி. இன்று பெரிய ஆள் கட்சி. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

உயரம், கை நீளம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் இன்றைய ஆட்கள் பக்கம்தான். அதில் விளக்க ஒன்றுமில்லை. தைரியம், தாங்கும் சக்தி இரண்டும் அன்றைய ஆட்களிடம் அதிகம் என்பார்கள். இருக்கட்டும், அதை எந்தத் தராசில் நிறுப்பது?

சின்ன ஆள் கட்சிக்குச் சாட்சிகள் இல்லாமல் இல்லை. 1919இல் அமெரிக்காவின் டொலிடோவில் நடந்த உலகப் பட்டச் சண்டையில் ஜாக் டெம்ப்ஸி சுமார் 85 கிலோ, ஜெஸ் வில்லார்ட் 111 கிலோ, ஆறரை அடி. முதல் ரவுண்டிலேயே வில்லார்ட் ஏழு முறை விழுந்தார். 1935இல் 89 கிலோ ஜோ லூயிஸ், 118 கிலோ பிரிமோ கார்னேராவை ஆறாவது ரவுண்டில் முடித்தார். 1942இல் பட்டி பேயர் என்ற ஆறரை அடி ஆள் லூயிஸிடம் ஒரு ரவுண்டு கூடத் தாங்கவில்லை.

ஆனால் வில்லார்டுக்கு அப்போது 37 வயது. பட்டத்தைக் காக்க ரிங்குக்குள் இறங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது. கார்னேரா பலசாலி, ஆனால் கால் ஒரு பக்கம், கை ஒரு பக்கம் போகும். அன்றைய பெரிய ஆட்களில் பெரும்பாலோர் வெறும் பெரிய ஆட்கள். இன்றையவர்களுக்கு ஜாப் (முன்னால் இருக்கும் கையால் வைக்கும் நேர்க்குத்து) இருக்கிறது, கால் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக எடையை எங்கே வைப்பது என்று தெரிந்திருக்கிறது.

அந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு முக்கியம். பெரிய ஆளின் குத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். குத்து தலையை நகர்த்தினால் போய்விடும். கட்டிப்பிடித்து மேலே சாயும் உடம்பை எங்கே நகர்த்துவது?

ஈரோட்டில் எனக்கு எதிரே வந்தவர் 90 கிலோ, ஆறடிக்கு மேல். என் உயரம் ஐந்தடி எட்டு. நான் நினைத்தபடியே குனிந்து உள்ளே புகுந்தேன், விலாவில் இரண்டு குத்து வைத்தேன். அவர் பதிலுக்குக் குத்தவில்லை. இடது முன்கையை என் பிடரியில் போட்டு அப்படியே சாய்ந்தார். ரெஃப்ரி பிரித்துவிட்டார். மறுபடி புகுந்தேன், மறுபடி சாய்ந்தார். ஒவ்வொரு தடவையும் மூன்று, நான்கு விநாடிதான். இரண்டாவது ரவுண்டு பாதியில் என் தொடை நடுங்கியது. மூன்றாவது ரவுண்டில் கையைத் தாடைக்குத் தூக்கவே யோசிக்க வேண்டியிருந்தது. முகத்தில் ஒரு காயம் இல்லை, ஆனால் தோற்றுவிட்டேன். "குத்தெல்லாம் நல்லாத்தாங் கண்ணு இருந்துச்சு, ஆளைத்தான் சொமந்துட்டே" என்றார் கோச்.

எங்கள் களத்தில் மூட்டை ஏற்றும் பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை. "தூக்கறது பெருசில்லீங் தம்பி. தோள்ல வெச்சுட்டு நிக்கறதுதான் ஆளைக் கொல்லும்."

எங்களுக்குள் வித்தியாசம் ஆறு கிலோ. மார்சியானோவுக்கும் 2020இல் லாஸ் வேகஸில் ரிங் ஏறிய இக்கால ஹெவிவெயிட் டைசன் ஃப்யூரிக்கும் வித்தியாசம் 40 கிலோ. அரை மூட்டைக்கு மேல் கொப்பரை.

ஃப்யூரியும் டியான்டே வைல்டரும் மோதிய முதல் இரண்டு சண்டைகளை அடுத்தடுத்துப் பார்த்தால் நான் சொல்வது தெரியும். 2018இல் ஃப்யூரி 116 கிலோவில் வந்து, ஒதுங்கி ஒதுங்கி ஆடினார். சண்டை டிரா. 2020இல் வேண்டுமென்றே எடை ஏற்றி 124 கிலோவில் வந்தார். முன்னால் நடந்தார், பிடித்தார், சாய்ந்தார். ஏழாவது ரவுண்டில் வைல்டர் தரப்பே தோல்வியை ஒப்புக்கொண்டு துண்டை வீசியது. வைல்டர் ஒன்றும் குள்ளமில்லை, ஆறடி ஏழு அங்குலம். அவர் கால்களே அப்படித் தள்ளாடின என்றால் ஐந்தடி பத்தரை அங்குல மார்சியானோ என்ன செய்வார்? அவர் ஆட்டமே குனிந்து உள்ளே புகுவது. அதாவது சாய்பவருக்கு வசதியாகப் பிடரியைக் காட்டிக்கொண்டே புகுவது. 2013இல் விளாதிமிர் கிளிட்ச்கோ இதே வேலையை அலெக்சாண்டர் போவெட்கினிடம் செய்தார். கிளிட்ச்கோவுக்கு ஒரு புள்ளி வெட்டினார்கள், அதுவும் பதினோராவது ரவுண்டில். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அப்படியானால் ஒலெக்சாண்டர் உஸிக்? 2024இல் ஒரே வருடத்தில் இரண்டு முறை ஃப்யூரியைத் தோற்கடித்தவர், ஹெவிவெயிட்டுக்கு ஒரு படி கீழே உள்ள க்ரூசர்வெயிட்டிலிருந்து மேலே வந்தவர். என் வாதத்துக்கு இதுதான் பெரிய இடி. உஸிக் பிடிக்கே சிக்கவில்லை. இடது கைக்காரர், குத்திவிட்டு எதிரே நிற்காமல் பக்கவாட்டில் போய்விடுவார். ஆனால் முதல் சண்டையில் அவர் எடை 101 கிலோ, உயரம் ஆறடி மூன்று. மார்சியானோவை விட 17 கிலோ அதிகம். இன்றைய க்ரூசர்வெயிட் வரம்பே 90.7 கிலோ. மார்சியானோ இன்று வந்தால் அந்தப் பிரிவிலேயே இன்னும் ஆறேழு கிலோ ஏற்றலாம். உஸிக் நமக்குச் சின்ன ஆளாகத் தெரிவது பக்கத்தில் ஃப்யூரி நிற்பதால்தான்.

உஸிக்கின் அளவில் பழைய ஆள் வேண்டுமென்றால் முகமது அலி. அதே ஆறடி மூன்று, 1974இல் ஜார்ஜ் ஃபோர்மேனோடு மோதும்போது 98 கிலோ. அலியைத் தாராளமாக நம்புவேன். கிளிஞ்சில், அதாவது கட்டிப்பிடியில், எதிராளியின் பிடரியைப் பிடித்து அழுத்துவதில் அவரே கைதேர்ந்தவர். லூயிஸுக்கு மட்டும் என் விதியைத் தளர்த்துவேன், ஏனென்றால் அவர் குத்து நீண்ட தூரம் போகாது, குறுகிய இடத்திலேயே வேலையை முடிக்கும். பிடிக்கு வருபவன் பிடிப்பதற்கு முன் விழலாம். பந்தயம் கட்டச் சொன்னால் கொஞ்சம் தயங்கித்தான் கட்டுவேன்.

ரவுண்டு கணக்கும் இருக்கிறது. பட்டச் சண்டைக்கு அன்று 15, இன்று 12. 1952இல் அன்றைய சாம்பியன் வால்காட்டை மார்சியானோ வீழ்த்தியது 13ஆவது ரவுண்டில், அதுவரை மூன்று நடுவர்களின் அட்டையிலும் பின்தங்கியிருந்தார். 1941இல் தன்னைவிடப் பத்துக் கிலோவுக்கு மேல் எடை குறைந்த பில்லி கானிடம் லூயிஸ் தப்பியதும் 13ஆவதில்தான். இன்றைய விதியில் அந்த ரவுண்டே கிடையாது. மாறாக 15 ரவுண்டு வைத்தால் 124 கிலோ உடம்பு கடைசி மூன்றில் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. நான் மூன்று ரவுண்டுக்கு மேல் ஆடியவன் இல்லை, 100 கிலோ ஆளோடு மோதியவனும் இல்லை. அந்த இடத்தில் என் அனுபவத்தை நம்பாதீர்கள்.

இப்போது அக்கா மகன் ஈரோட்டில் பயிற்சிக்குப் போகிறான். போன வாரம் அதே தராசில் ஏற்றிப் பார்த்தேன். 82 கிலோ. 80 கிலோ பிரிவுக்கு இறங்கு என்றேன். "ஏனுங் மாமா, உஸிக் ஜெயிக்கலையா?" என்றான். பக்கத்தில் தைத்து வைத்திருந்த கொப்பரை மூட்டை ஒன்றைக் காட்டி, அதைத் தூக்கிப் பிடரியில் வைத்துக்கொண்டு மூன்று நிமிடம் நில், அப்புறம் பேசலாம் என்றேன். ஒன்றரை நிமிடம் நின்றான். அன்று ராத்திரி அக்கா போன் செய்து, பையன் ஏன் சோறு வேண்டாம் என்கிறான் என்று என்னைத் திட்டினாள்.