தென்னைக்கு ஊடே சோயா: நிழல் எவ்வளவு தாங்கும்?

பொள்ளாச்சி, உடுமலை பக்கத் தோப்புகளில் பல பட்டம் (விதைப்புப் பருவம்) பார்த்ததில் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம்: ரகத்தைத் தேடுவதற்கு முன் தோப்பின் வெளிச்சத்தைப் பாருங்கள். கன்று நட்டு ஐந்தாறு வருடம் வரை சோயா தாராளமாக வரும். ஏழிலிருந்து இருபது வயது வரை மட்டைகள் கூடிக்கொள்ளும். அங்கே சோயா வேண்டவே வேண்டாம், தீவனப்புல் போடுங்கள். இருபத்தைந்து வயது தாண்டி மரம் உயர்ந்ததும் மறுபடி வெயில் இறங்கும். உச்சி வேளையில் நான்கைந்து இடத்தில் வெள்ளை வேட்டியை விரித்துப் பாருங்கள். துணியில் பாதிக்கு மேல் வெயில் விழுந்தால் விதைக்கலாம்.

நிழல் கூடினால் செடி நெட்டையாக ஓடும். கணு இடைவெளி நீளும், தண்டு மெலியும், பூக்கும் முன்பே சாயும். சாய்ந்த செடியில் காய் பிடிப்பது குறைவு. இதைப் பார்த்துவிட்டு யூரியாவை மேலுரமாக வீசினால் இன்னும் மோசமாகும்.

இந்தோனேசியாவில் பாதி நிழல் தாங்கும் டேனா 1, டேனா 2 ரகங்களை 2014-ல் வெளியிட்டார்கள். சீனாவின் சிச்சுவானில் மக்காச்சோளத்துக்கு ஊடே நான்டோ 12 என்ற சோயா ரகம் போடுகிறார்கள். நமக்குக் கிடைக்கும் கோ 3 வெட்டவெளிக்கான ரகம். 85-90 நாளில் வரும். நிழலில் ஒரு வாரம் கூடுதலாக எடுக்கும்.

25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 மரம். ஒவ்வொன்றுக்கும் 6 அடி ஆரத்தில் வட்டப்பாத்தி விட்டால் 18 சென்ட் போய்விடும். தடமும் கழித்தால் 20 கிலோ விதை போதும். வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி விடுங்கள். வெட்டவெளிக்குச் சொல்லும் ஒரு அடி இங்கே நெருக்கம். ஆழம் ஒரு அங்குலத்துக்கு மேல் வேண்டாம், விதையை ஊறவைக்கவும் கூடாது.

சோயா விதை சீக்கிரம் முளைப்புத் திறனை இழக்கும். நூறு விதையை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து எண்ணுங்கள். எழுபதுக்குக் கீழே என்றால் அந்த மூட்டை வேண்டாம்.

ரைசோபியம், அதாவது வேர் முடிச்சில் தங்கித் தழைச்சத்து பிடிக்கும் நுண்ணுயிர் உரம், சோயாவுக்கென்று உள்ளதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். நிலக்கடலைக்கு உள்ளது வேலை செய்யாது. ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, நிழலில் உலர்த்தி, அன்றே விதையுங்கள். முப்பதாம் நாள் வாக்கில் ஒரு செடியைத் தோண்டி, வேர் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்து பிடிக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் இல்லை. நிழலில் இலை செய்யும் மாவுச்சத்து குறைவதால் முடிச்சும் குறைவாகத்தான் இருக்கும்.

சொட்டுநீர் மரத்தடிக்கு மட்டும் போகும் தோப்பில் சோயாவுக்குத் தனியாகத் தண்ணீர் தர வேண்டும். பூக்கும்போதும் காய் முற்றும்போதும் காய்ந்தால் பொக்குதான்.

தண்ணீர் இருந்தால் மாசிப் பட்டம் நல்லது. புரட்டாசியில் மேகமும் நிழலும் சேர்ந்துகொள்ளும். ஆனால் மாசியில் வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல் நோய் கூடும். தேமல் கண்ட செடியை உடனே பிடுங்கிவிடுங்கள். தென்னையில் 2016 முதல் தொல்லை தரும் சுருள் வெள்ளை ஈ வேறு இனம். அதன் தேன்கழிவு கீழே சொட்டி, சோயா இலையில் கரும்பூசணம் படரும். இருக்கிற வெளிச்சமும் வீணாகும். இதற்குப் பூச்சிமருந்து அடித்தால் அந்த ஈயை அழிக்கும் என்கார்சியா குளவிதான் சாகும். மைதாக் கஞ்சி, லிட்டருக்கு 25 கிராம், தெளித்தால் பூசணம் காய்ந்து உதிரும்.

தேங்காய் வெட்டு முடிந்த கையோடு விதையுங்கள். அடுத்த வெட்டில் காயும் மட்டையும் விழுந்து நொறுங்கும் செடிகள் கணக்கில் இருக்கட்டும். விளைச்சல் வெட்டவெளியில் வருவதில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுவடையில் செடியைப் பிடுங்காமல் தரையோடு அறுத்தால் முடிச்சு மண்ணிலேயே தங்கும்.